பந்துக்கும் அம்மி கொத்த வேண்டும்

ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு. வெளியே மைனஸ் 17 டிகிரி. பத்துப் பின்களைக் கனமான பந்தை உருட்டிச் சாய்க்கும் பவுலிங் லீக்கில் இரண்டாவது ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த பந்தைத் துண்டால் துடைத்தபோது துண்டின் நூல் ஓரிடத்தில் சிக்கி இழுத்தது. முடி ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. நகம்தான் உள்ளே இறங்கியது. விரல் ஓட்டையில் ஆரம்பித்து உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கோடு. பென்சிலால் போட்ட மாதிரி அவ்வளவு மெல்லிசு.

எங்கள் டீமில் இருக்கும் அண்ணன்தான் என்னை இந்த விளையாட்டுக்குள் இழுத்துவிட்டவர். பந்தை வாங்கி விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதை எங்க வச்சிருந்தீங்க?" என்றார்.

"கார் டிக்கியிலண்ணா."

"எப்பேர்ந்து?"

பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நவம்பரிலிருந்து. அடுத்த வியாழக்கிழமை எப்படியும் தூக்கிக்கொண்டு வரத்தானே போகிறோம், ஒவ்வொன்றும் 15 பவுண்டு என்று இரண்டு பந்து, பை, காலணி எல்லாம் சேர்த்து 15 கிலோவை எதற்கு வீட்டுக்குள் தூக்கிப் போய்த் திரும்பத் தூக்கி வர வேண்டும் என்ற நினைப்பு. முதுகுக்கு மிச்சம் என்று பார்த்தேன். 230 டாலர் போனது.

மிச்சிகனில் இது எனக்கு எட்டாவது குளிர்காலம், லீக்கில் நான்காவது. பந்தில் கோடு விழுந்தது போன வருடம். நம் ஊரில் பவுலிங் என்றால் மாலில் ஒரு மணி நேரம், பிறந்தநாள் பார்ட்டி, வாடகைக் காலணி. அங்கே யாரும் பந்தைப் பராமரிப்பதில்லை, அவசியமும் இல்லை. ரேக்கில் கிடக்கும் பந்துகள் பெரும்பாலும் பாலியெஸ்டர், அதாவது பிளாஸ்டிக். அடி வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் உருளும். டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் கதையே வேறு. இங்கே கார் கம்பெனிக்காரர்களின் லீக் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை வாரம் ஒரு இரவு, இரவுக்கு மூன்று ஆட்டம். ஒரு சீசனுக்கு 100 ஆட்டம் பக்கம் வந்துவிடும். ஓட்டை போட்ட சொந்தப் பந்து இல்லாதவர் எங்கள் லீக்கில் இல்லை.

சரி, அந்த விரிசலுக்கு வருகிறேன். பந்து என்பது ஒரே கட்டி அல்ல. நடுவில் கோர் என்று கனமான ஒரு கரு, அதைச் சுற்றி நிரப்புப் பொருள், அதற்கு மேல் அரை அங்குலத்துக்கும் முக்கால் அங்குலத்துக்கும் இடைப்பட்ட பருமனில் ஓடு. இவை ஒவ்வொன்றும் சூட்டுக்கு விரிவதும் குளிருக்குச் சுருங்குவதும் வேறு வேறு அளவு, வேறு வேறு வேகம். ராத்திரி டிக்கியில் விறைத்த பந்தை உள்ளே கொண்டுவந்து, பத்து நிமிடத்தில் லேனில், அதாவது பந்து உருளும் தளத்தில், வீசினால், வெளி ஓடு சூடாகி விரியப் பார்க்கும். உள்ளே இன்னும் ஜில்லென்றே இருக்கும். விறைத்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் காப்பியை ஊற்றுகிற கதைதான். பலவீனமான இடத்தில் பிளக்கும். பந்தில் பலவீனமான இடம் ஓட்டைகளைச் சுற்றித்தான், முக்கியமாக இரண்டு விரல் ஓட்டைக்கும் நடுவில் இருக்கும் ஒல்லிப் பகுதி. அதைப் பிரிட்ஜ் என்பார்கள்.

வெயிலும் சளைத்ததல்ல. ஜூலையில் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தொடும். எண்ணெய் கசிந்து பந்து பிசுபிசுவென்று ஆகும், விரல் ஓட்டைக்குள் ரப்பர் கிரிப்பை ஒட்டிய பசை இளகும், பிறகு குளிர்ந்தால் விரிசல்.

அந்த இரவு ஆட்டம் முடிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு, அங்கேயே மூலையில் இருக்கும் ப்ரோ ஷாப்புக்கு, அதாவது பந்துக்கு ஓட்டை போட்டு, பழுது பார்த்துத் தரும் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பந்தைக் கிண்ணத்தில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். பிரிட்ஜில் மட்டும் விரிசல் என்றால் ஓட்டைகளை அடைத்து மறுபடி துளைக்கலாம், சில சமயம் பிழைக்கும். இது ஓட்டுக்குக் குறுக்கே ஓடியிருக்கிறது, இனி வீச வீசத் திறந்துகொண்டே போகும் என்றார். எதிர்பார்த்ததுதான். ஆனால் அடுத்து அவர் செய்தது எதிர்பாராதது. விரிசலை விட்டுவிட்டு, பந்து தரையில் உருளும் பட்டையைக் கட்டை விரலால் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பந்தின் மறுபக்கத்தில், தரையே படாத இடத்தில், தடவச் சொன்னார். அங்கே மெல்லிய சொரசொரப்பு.

"விரிசல் இல்லாவிட்டாலும் இது எப்போதோ செத்த பந்துதான். கடைசியாக எப்போது தோலைத் தீட்டினாய்?" என்று கேட்டார்.

தீட்டுவதா? வாங்கியதிலிருந்து தொடவே இல்லை. சட்டென்று எனக்கு வீட்டு அலமாரியில் கிடக்கும் நீலப் பந்து ஞாபகம் வந்தது.

நீலம்தான் என் முதல் பந்து. முதல் சீசன் முழுக்க அதுதான், ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 172 புள்ளி வரை போனேன். இரண்டாவது சீசன் பாதியில் ஏதோ கெட்டுப்போனது. பந்து திரும்பவில்லை. எப்போதும் 40 அடி தாண்டியதும் இடப்பக்கம் வளைந்து முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவில் புகுந்துவிடும். அது நேராகவே போக ஆரம்பித்தது. புகுந்தாலும் அடியில் உயிர் இல்லை. பத்தாவது பின் மட்டும் மூலையில் நின்று பல் இளிக்கும். நான் வலக்கைக்காரன். வளைவு குறைந்தால் வலப்பக்கம் நகர்ந்து நிற்க வேண்டும். நகர்ந்தேன். லேன் தரையில் இரண்டு பலகை, நான்கு பலகை, கடைசியில் சாக்கடை என்று சொல்லும் ஓரப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மணிக்கட்டை மடித்துப் பார்த்தேன். வீடியோ பார்த்துக் கால் வைக்கும் எண்ணிக்கையை மாற்றினேன். காசு கொடுத்து இரண்டு வாரம் பயிற்சிக்குப் போனேன். சராசரி 158க்கு இறங்கியது. கடைசியில் புதிதாகச் சிவப்புப் பந்து வாங்கினேன். முதல் வீச்சே சீறிக்கொண்டு வளைந்தது. ஆக, நீலம் காலாவதி, சிவப்புதான் நமக்கு என்று நினைத்தேன். அடுத்த சீசன் டிசம்பருக்குள் சிவப்பும் நேராகப் போக ஆரம்பித்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. தோள்பட்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

விரிசல் விழுந்ததற்கு மறுநாளே நீலத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைச் சுழலும் கிண்ணத்தில் வைத்து, முதலில் 500, பிறகு 1000, கடைசியாக 2000 எண் அப்ராலான் பேடால், உப்புத்தாள் மாதிரி ஒன்று அது, தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். ஒரு பக்கம் கொஞ்ச நேரம், திருப்பி வைத்து மறுபக்கம், திரும்பவும் வேறு கோணம். பேடிலிருந்து கறுப்பும் நீலமுமாகச் சேறு வழிந்தது. கால் மணி நேரம், 30 டாலர். அப்படியே லேனுக்கு எடுத்துப் போய் ஒன்று வீசினேன். வளைந்து இடப்பக்கச் சாக்கடையில் விழுந்தது. சாக்கடையில் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

நின்றுகொண்டே சிரித்தேன். கடைக்காரருக்கு ஏன் என்று புரிந்திருக்காது. மதுரைப் பக்கம் நான் வளர்ந்த தெருவில் வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ ஒரு குரல் கேட்கும்: "அம்மி கொத்தலையோ... ஆட்டுக்கல் கொத்தலையோ..." அரைத்து அரைத்து அம்மி வழவழப்பாகிவிடும். தேங்காய் அதன் மேல் சறுக்கிக்கொண்டு திரியும், அரைபடாது. உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து பொளிந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அரைபடவில்லையே என்று யாரும் அம்மியை மாற்றியதில்லை. அரைக்கிறவள் கையில் கோளாறு என்றும் சொன்னதில்லை. கல்லைத் தடவிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதைப் பார்த்து வளர்ந்த நான், பந்தைத் தடவிப் பார்க்காமல் தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

பந்துக்கு ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பராமரிப்பு தானாகப் புரியும். லேன் 60 அடி. அதன் முதல் 40 அடி வாக்கில் எண்ணெய் பூசியிருப்பார்கள், மரப்பலகையைக் காக்க வந்த பழக்கம் இப்போது ஆட்டத்தின் பாதி சூட்சுமமாகிவிட்டது. ஒரு லேன் முழுக்கவே 20, 25 மில்லிதான், கண்ணுக்குத் தெரியாது. பந்து அந்த எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய், காய்ந்த பகுதியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். திரும்பினால்தான் பின்களுக்குள் சாய்வாகப் புகும். சாய்வு இல்லாவிட்டால் ஒரே வீச்சில் பத்துப் பின்னும் விழும் ஸ்ட்ரைக் அதிர்ஷ்டம்தான். அந்தப் பிடிமானத்தைத் தருவது ஓட்டின் சொரசொரப்பு. கோரின் வடிவத்தைப் பற்றி விளம்பரத்தில் எவ்வளவோ எழுதுவார்கள். என் அனுபவத்தில் தோலில் உயிர் இல்லாவிட்டால் கோர் எதையும் சாதிக்காது.

இந்தக் காலப் பந்துகளின் ஓடு ரியாக்டிவ் ரெசின். 1990களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன்பு யூரித்தேன், அதற்கும் முன்பு பாலியெஸ்டர், ரப்பர், ஆதியில் கட்டை. ரெசினுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவை எண்ணெயைக் குடிக்கும். குடிப்பதால்தான் லேனை நன்றாகப் பிடிக்கிறது. குடித்துக் குடித்து நிறைந்தபின் பிடிக்காமலும் போகிறது. தோசைக்கல்லுக்கு நேர் எதிர். கல்லில் எண்ணெய் ஊறினால்தான் தோசை எடுக்க வரும். இதில் ஊறினால் ஆட்டம் போச்சு. போதாக்குறைக்கு, லேனில் உரசி உரசிச் சொரசொரப்பும் தேயும். ஆக இரண்டு வேலை: எண்ணெயை ஊற விடக்கூடாது, தேய்ந்த தோலை அவ்வப்போது தீட்ட வேண்டும்.

முதல் வேலை மலிவானது, ஆனால் நேரம் தவறக்கூடாது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் பந்தைப் பார்த்தால் எண்ணெய்க் கோடுகள் வளையம் வளையமாகத் தெரியும். ஒரே கோடாக இல்லாமல் ஒன்றுக்கொன்று விலகி, இரண்டு இடத்தில் மட்டும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி விரிந்திருக்கும். உருள உருள ஒவ்வொரு சுற்றிலும் புதுத் தோல் தரையைத் தொடுவதால் அப்படி. அவ்வளவையும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துண்டால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வீச்சு. பனியனைக் கிழித்துக் கொண்டுவந்த காலம் எனக்கும் உண்டு. அது எண்ணெயை எடுப்பதில்லை, இடம் மாற்றுகிறது.

மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் காலணியைக் கழற்றும் முன் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் பீட்சா பக்கம் போவார்கள். நான் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிடுவேன். பந்து அப்போது உரசலில் லேசாகச் சூடேறியிருக்கும், எண்ணெய் மேலாக்கவே இருக்கும். மறுநாள் துடைத்தால் பாதி உள்ளே இறங்கியிருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 91 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு சின்ன தெளிப்பான் புட்டியில் வைத்திருக்கிறேன். ஐந்தாறு முறை தெளித்து, துண்டின் சுத்தமான பக்கத்தால் அழுத்தித் துடைக்க வேண்டும். துண்டு கறுப்பாகும். எண்ணெயோடு லேன் அழுக்கும், பந்தைத் திருப்பி அனுப்பும் எந்திரத்தின் ரப்பர் பட்டைக் கறையும் அது. கறை பிடிவாதமாக இருந்தால் பந்துக்கென்றே விற்கும் கிளீனர் நன்றாக எடுக்கும். துண்டைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். இழையில் படலம் படிந்து துண்டு எதையும் உறிஞ்சாது. இது வீட்டில் எனக்குத் தெரியாமல் நடந்து, மூன்று வாரம் துண்டு ஏன் வழுக்குகிறது என்று குழம்பியிருக்கிறேன்.

நகச்சாயம் எடுக்கும் அசிட்டோனை மட்டும் பந்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பந்தின் ஓடே அரித்துப்போகும். கரைப்பான்களால் ஓடு இளகும் என்பதை வைத்து ஒரு காலத்தில் பெரிய ஆட்டமே ஆடியிருக்கிறார்கள். 1973இல் டான் மக்கியூன் என்ற தொழில்முறை வீரர், பிளாஸ்டிக் பந்தை ரசாயனத்தில் ஊறப்போட்டு மென்மையாக்கி வீசி அந்த வருடத்தின் சிறந்த வீரர் பட்டத்தை வாங்கினார். அப்போது அதைத் தடுக்க விதி இல்லை. அதன் பிறகுதான் பந்தின் கடினத்தன்மைக்குக் குறைந்தபட்ச அளவு வந்தது. இப்போது ஊறப்போட்டால் போட்டிக்கு ஆகாது. எந்தத் திரவம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, எது ஆகாது என்று இங்கே விதிகளை வகுக்கும் அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் பட்டியலே வைத்திருக்கிறது. புதிதாக எதையாவது வாங்கும் முன் அதில் ஒரு பார்வை பார்த்துவிடுவேன்.

எவ்வளவு துடைத்தாலும் கொஞ்சம் எண்ணெய் உள்ளே போகத்தான் செய்யும். 50, 60 ஆட்டத்துக்கு ஒருமுறை அதை வெளியே எடுக்கிறேன். ப்ரோ ஷாப்பில் அதற்கென்று சூட்டுப் பெட்டி உண்டு, அதுதான் உத்தமம். நான் கஞ்சன், பக்கெட்டில் செய்கிறேன். முதலில் பந்தைத் துடைத்துவிட்டு, மூன்று ஓட்டையையும் தண்ணீர் புகாத டேப்பால் ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்திவிட வேண்டும். குழாயில் வரும் வெந்நீர் போதும், எங்கள் வீட்டில் அது 50 டிகிரிக்குப் பக்கம். சமையல் தெர்மாமீட்டரால் பார்த்துக்கொள்வேன். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. பந்து முழுக முழுகத் தண்ணீர். 20 நிமிடம்.

முதல் தடவை செய்தபோது வீட்டில் சின்ன கலவரம். "என்னங்க இது, குளிக்கிற பக்கெட்டுல எண்ணெய் மிதக்குது?" என்று குரல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பந்தைச் சுற்றிக் கடுகைவிடச் சின்னதாக, பொன் நிறத்தில் நூற்றுக்கணக்கான முத்து. வேர்வை மாதிரி. ஒன்றோடொன்று சேர்ந்து உருண்டு மேலே மிதந்து படலமாயின. இத்தனையும் உள்ளே இருந்துகொண்டா என் பத்தாவது பின்னை நிறுத்தி வைத்தது என்று நான் ரசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கெட்டுக்கு அன்றோடு குளியலறையில் இடமில்லை, பேஸ்மென்டுக்குப் போய்விட்டது.

மகளும் தன் பந்தைக் கொண்டுவந்து போட்டாள். அது 8 பவுண்டு, மிதந்தது. அவளுக்கு ஒரே கும்மாளம். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்: எல்லாப் பந்தும் ஏறக்குறைய ஒரே பருமன், எட்டரை அங்குல விட்டம். அந்தப் பருமனுக்குத் தண்ணீரின் எடை 12 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதைவிட எடை குறைந்த பந்து மிதக்கும், கூடியது மூழ்கும். அவளுடையது பிளாஸ்டிக், அதிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய்கூட வரவில்லை. வராது.

எடுத்ததும் ஈரம் போகத் துடைத்து, டேப்பைப் பிரித்து ஓட்டைக்குள் துண்டை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி ஒரு இரவு வைத்தால் வடிந்துவிடும். சூட்டோடு சூடாக ஆடப் போகக்கூடாது. கொதிக்கிற தண்ணீர், மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் எந்திரம், ஓவன் எதுவும் வேண்டாம். எங்கள் லீக்கில் ஒருவர் ஓவனைக் 'குறைந்த சூட்டில்' வைத்துப் பந்தை உள்ளே விட்டார். ஓவன் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பதைப் பந்து இரண்டாகப் பிளந்து காட்டியது. வெயிலில் ஜன்னல் ஓரம் வைப்பதும் அதே ரகம்தான், ஒரு பக்கம் மட்டும் காயும்.

எண்ணெய் எடுத்தபின் தோல் தீட்டுவது. பேடின் எண் குறைந்தால் கரடுமுரடு கூடும். 500 என்றால் பந்து சீக்கிரமே லேனைப் பிடித்து, தெம்பைச் சீக்கிரமே செலவழித்துவிடும். 4000 என்றால் நெடுந்தூரம் வழுக்கி, கடைசியில் சுருக்கென்று திரும்பும். பாலீஷ் போட்டால் இன்னும் தள்ளிப்போகும். எங்கள் லேனுக்கு 2000 எனக்கு ஒத்துவருகிறது. உங்களுடையது கம்பெனியிலிருந்து எந்த எண்ணில் வந்ததோ, அதிலிருந்து ஆரம்பியுங்கள், பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். நான் பெட்டியைத் தூக்கிப் போட்டவன், கடைக்காரர்தான் தேடிச் சொன்னார்.

சுழலும் கிண்ணம் இல்லாமல் கையாலும் செய்யலாம், சமமாகச் செய்ய வேண்டும் என்பதுதான் சிரமம். பந்தைப் பகடை மாதிரி ஆறு பக்கமாக மனதில் பிரித்துக்கொண்டு, பேடை நனைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 30 விநாடி, ஒரே அழுத்தத்தில் வட்டமாகத் தேய்க்கிறேன். கைப்பேசியில் டைமர். புதுப் பேடு அதில் எழுதியிருப்பதைவிடக் கரடாக அறுக்கும், பழசு மழுங்கியிருக்கும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொத்திய அம்மியில் முதல் நாள் கைப்பிடி அரிசியை அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் சட்னிக்குப் போவார்கள் இல்லையா, அது மாதிரி தீட்டிய பந்தை முதல் நாளே லீக்கில் வீசுவதில்லை. ஒரு பயிற்சி ஆட்டம் போனபின்தான் நிதானத்துக்கு வரும். இன்னொன்று, லீக்கோ போட்டியோ தொடங்கிவிட்டால் பேடைக் கையில் எடுக்கக்கூடாது, ஆட்டத்தின் நடுவில் தோலை மாற்றுவது விதிமீறல்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? 20, 30 ஆட்டத்துக்கு ஒருமுறை நான் 2000 பேடால் லேசாக ஒரு தடவு. 60 ஆட்டம் தாண்டினால் எண்ணெய் எடுத்து, கடையில் 500இலிருந்து முழுசாகத் தீட்டல். எண்ணிக்கை மறந்துபோகும் என்பதால் பையின் உள்மூடியில் ஒரு டேப்பை ஒட்டிப் பேனாவால் கோடு கிழித்துக்கொண்டே வருகிறேன், பால் கணக்கு மாதிரி. செயலியெல்லாம் இருக்கிறது. எனக்குக் கோடுதான் சரிப்படுகிறது.

ஓட்டைகளைப் பற்றிச் சுருக்கமாக. விரல் ஓட்டையில் ஒட்டியிருக்கும் ரப்பர் கிரிப் தேயும், சில சமயம் உள்ளேயே சுழலும். சீசனுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது. கட்டை விரல் குளிரில் சுருங்கும், மூன்றாவது ஆட்டத்தில் வீங்கும். அதற்கு டேப் ஒட்டிச் சரிசெய்வார்கள். ஓட்டை இறுக்கமாக இருக்கிறது என்று உப்புத்தாளைச் சுருட்டி நீங்களே தேய்க்காதீர்கள், கூடப்போனால் திரும்ப வராது. உருளும் பட்டையில் சின்னப் பொத்தல், சிராய்ப்பு இருந்தால் கடையில் ரெசின் வைத்து நிரப்பித் தேய்த்துத் தருவார்கள். பழைய பந்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஓட்டைகள் மூன்றுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். எடையைச் சரிக்கட்ட ஒரு கூடுதல் ஓட்டை போடுவது முன்பு வழக்கம். 2020 ஆகஸ்ட் 1 முதல் விரல் நுழையாத ஓட்டை இருந்தால் விதிப்படி ஆடும் லீக்கில் விடமாட்டார்கள். அடைத்துவிட்டு ஆடலாம், ஆனால் அது தனிச் செலவு.

மீதி ஒற்றைப் பின்களை அடிக்க நான் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்துக்கு இந்தச் சீராட்டு எதுவும் வேண்டாம். அது வளையக்கூடாது என்பதற்காகவே வாங்கியது. துடைத்தால் போதும். ஆனால் டிக்கிக் குளிருக்கு அதுவும் பயந்ததுதான்.

வீட்டுக்குள் கொண்டுவந்தாலும் இடம் பார்த்து வைக்க வேண்டும். டிக்கிப் பாடம் கற்ற கையோடு நான் பையைக் கொண்டுபோய் வைத்த இடம், தரையில் சூடான காற்று ஊதும் ஹீட்டர் சல்லடைக்கு ஒட்டினாற்போல். இதமாக இருக்கட்டும் என்று. இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் வெதுவெதுப்பு, மறுபக்கம் ஜில். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இப்போது படுக்கையறை அலமாரிக்குள், துணிகளுக்குக் கீழே, பையின் ஜிப்பைத் திறந்து வைக்கிறேன். ஈரத் துண்டும் வேர்த்த காலணியும் பந்தோடு சேர்ந்து அடைபட வேண்டாம் என்பதற்காக. அலமாரியில் புடவைக்குப் பக்கத்தில் பவுலிங் காலணி இருப்பது பற்றி வீட்டில் வேறு கருத்து உண்டு.

கோடு விழுந்த சிவப்புப் பந்து பேஸ்மென்டில் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. கோடு இப்போது பாதிப் பந்தைச் சுற்றி வந்துவிட்டது. நீலம்தான் மறுபடி என் பந்து. சராசரி இந்த டிசம்பரில் 174.

வியாழக்கிழமைகளில் பையை டிக்கியில் போடுவதில்லை. அரை மணி நேரப் பயணம்தான், டிக்கியில் போட்டாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஹீட்டர் ஓடும் முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். முதல் தடவை கார் கிளம்பியதும் கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. சீட்டில் 15 கிலோ ஆள் உட்கார்ந்திருப்பதாக அதற்கு நினைப்பு. சிக்னலில் நிறுத்திப் பந்துக்கு பெல்ட் மாட்டிவிட்டேன்.